நூறு வரை

டானரி ரன் பள்ளத்தாக்குக்கென்று பிக் ஸிகமோர் டெலிபோன் கம்பெனி வைத்திருந்தது ஒரே ஒரு வேன். அந்த வேனின் பக்கவாட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களை உரித்தெடுத்தால் இரட்டைக் கட்டிலுக்கு ஒரு மெத்தை தைத்துவிடலாம்.

முதன்முதலில் அங்கே 'பிராட்பேண்ட், நான்கு மெகாபிட் வரை' என்று பெயின்டில்தான் எழுதியிருந்தார்கள். வாஷிங்டனில் இருக்கும் ஆணையம் ஒரு நாள் கூடி, நான்கையெல்லாம் பிராட்பேண்ட் என்று சொல்லக்கூடாது, வெளியிலிருந்து வீட்டுக்கு இறங்குவதற்கு இருபத்தைந்தும் வீட்டிலிருந்து மேலே ஏறுவதற்கு மூன்றும் இருந்தால்தான் அந்தப் பெயர் என்று விதித்தது. கம்பெனி ரொம்ப யோசித்தது. கம்பத்தில் ஆள் ஏறவில்லை, அணில்கூட ஏறவில்லை. அடுத்த வாரம் வேனில் நான்கின் மேல் இருபத்தைந்து ஒட்டியிருந்தது. 'வரை' மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இந்த 'வரை' இருக்கிறதே, அதுதான் கம்பெனியின் முழு மூலதனம். ஜவுளிக்கடைக்காரன் ஐம்பது சதவீதம் வரை தள்ளுபடி என்று எழுதிவிட்டுக் கைக்குட்டைக்கு மட்டும் தள்ளுபடி தருவதில்லையா, அதே வித்தை. ஒரு மெகாபிட்டும் 'இருபத்தைந்து வரை'க்குள் அடக்கம். பூஜ்யமும் அடக்கம்.

சில வருடம் கழித்து, இருபத்தைந்தும் போதாது, இனி இறங்க நூறு, ஏற இருபது என்று வாஷிங்டனில் பேச்சு அடிபட்டது. கம்பெனி முதலில் 'பிராட்பேண்ட்' என்ற சொல்லையே சுரண்டிவிட்டு 'சூப்பர் இன்டர்நெட்' என்று ஒட்டியது. பெயரே இல்லையென்றால் வரையறையும் இல்லை பாருங்கள். ஆனால் அந்த நூறு எட்டாத ஊர்களுக்கெல்லாம் அரசாங்கமே பணம் கொடுத்து, கண்ணாடி இழைக் கேபிள் போடச் சொல்லப்போகிறது, அந்தப் பணத்தை மின்சாரக் கூட்டுறவுச் சங்கம்கூட வாங்கலாம் என்று செய்தி வந்ததும் கம்பெனிக்குத் தூக்கம் போய்விட்டது. ஜனவரி மாதத்தில், மரத்தில் ஒரு இலை இல்லாத நேரமாகப் பார்த்து, மலை முகட்டில் ஒரு ஆன்டெனாவை நட்டார்கள். ஊரே குளிரில் முடங்கிக் கிடந்த ஒரு காலையில் அதன் வேகத்தை அளந்தார்கள். வேனில் நூறு ஏறியது. அரசாங்கத்தின் வரைபடத்தில் டானரி ரன் முழுக்க நீலமாகிவிட்டது. நீலம் என்றால் 'இங்கே எல்லாம் இருக்கிறது, யாரும் கவலைப்பட வேண்டாம்' என்று அர்த்தம். சிவப்பு என்றால் இல்லை.

அந்த நீலத்தைப் பார்த்து உலகத்திலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் டெல்ஃபியா கட்லிப்.

டெல்ஃபியா பள்ளிக்கூடச் சமையலறையில் தலைமைச் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் கையால் பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியும் கிரேவியும் தின்று வளர்ந்தவர்களில் இரண்டு பேர் ஷெரீஃப் ஆனார்கள், ஒருவன் ஜெயிலுக்குப் போனான். மூன்று பேருமே அவளைப் பார்த்தால் இன்றைக்கும் தொப்பியைக் கழற்றுவார்கள். புருஷன் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. பள்ளத்தாக்கின் மேல்கோடியில் ஹாலிஸ் கோகர் என்று ஒருவன், அவனும் தனிக்கட்டை. எழுபத்தெட்டு வயதுக்காரனை 'அவன்' என்று சொல்வது மரியாதையில்லைதான். டெல்ஃபியாவின் மனசுக்குள் அவன் அவன்தான், என்ன செய்வது. தேவாலயத்தில் இருவரும் ஜோடியாகப் பாடுவார்கள். அவர்கள் பாட ஆரம்பித்தால் எதிர் மலையில் மாடுகள் மேய்ச்சலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கும் என்று ஊரில் சத்தியம் செய்வார்கள். ஹாலிஸ் அவளிடம் கல்யாணத்துக்குக் கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசித்தாள். ஆறு வருடம் யோசித்தாள். சரி என்று அவள் முடிவுக்கு வந்த அந்த இலையுதிர் காலத்தில்தான் அவனுக்கு நெஞ்சில் கோளாறு வந்தது.

மார்பில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். அது இதயம் துடிக்கிற ஒவ்வொரு துடிப்பையும் இன்டர்நெட் வழியாக மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், ஏதாவது பிசகினால் அங்கே மணி அடிக்கும். அதனால் பிராட்பேண்ட் இல்லாத வீட்டில் இவர் தனியாக இருக்கவே கூடாது என்றார் டாக்டர். ஓஹையோவில் கொலம்பஸ் நகரத்தில் இருக்கும் மகள் டார்லா வந்தாள், அப்பாவைக் காரில் ஏற்றினாள், போய்விட்டாள். போகும்போது ஒன்று மட்டும் சொன்னாள். "டானரி ரன்னுக்கு நிஜமாவே பிராட்பேண்ட் வரட்டும். அன்னிக்கே நானே கொண்டு வந்து விடுறேன்."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் டெல்ஃபியாவுக்கு வாரம். தேவாலயம் முடிந்து, கோழி வறுவல் தின்று, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சர்க்கரை ஜாடியில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவாள். ஹாலிஸின் முகம் இறங்கி வரும். கொஞ்சம் தடுமாறினாலும் வந்துவிடும், மூக்கு முடி வரைக்கும் தெரியும். அவள் முகம்தான் மேலே ஏறாது. மலை ஏறுகிற கிழட்டு லாரி மாதிரி பாதியில் நின்றுவிடும். வாய் திறந்தபடி, கண் செருகியபடி, கை மூக்கருகே போனபடி. என்ன கோலத்தில் நிற்கிறதோ அந்தக் கோலத்தில் அந்த வாரம் முழுக்க அவன் அவளை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே வரைபடம் நீலமானதும் டார்லா அதை அப்பாவுக்குக் காட்டினாள். அவளுக்கு அரசாங்கம் சொன்னால் சரி. "அப்பா, உங்க வீட்டு மேலயே நீலப்புள்ளி இருக்கு. நூறு இறங்குது, இருபது ஏறுதுன்னு போட்டிருக்கு. ஜூன்ல பள்ளிக்கூடம் லீவு விட்டதும் கூட்டிட்டுப் போறேன்." அவள் பள்ளிக்கூட ஆசிரியை. சொன்ன சொல் மாறாதவள். அந்த ஞாயிறு டெல்ஃபியா வீட்டில் இருந்த எல்லாத் திரைச்சீலைகளையும் கழற்றித் துவைத்துப் போட்டாள். அடுத்த ஞாயிறு மேல்கோடிக்கு நடந்து போய் அவன் வீட்டுத் திரைச்சீலைகளையும் துவைத்துப் போட்டாள்.

ஏப்ரலில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ராம்ப் விருந்து நடந்தது. ராம்ப் என்பது காட்டு வெங்காயம். தின்றவர் பக்கத்தில் தின்னாதவர் வாரக்கணக்கில் உட்கார முடியாது, அதனால் ஊரே சேர்ந்து தின்றுவிடும். எல்லார் வாயிலும் ராம்பும் உருளைக்கிழங்கும் இருக்கிற நேரம் பார்த்து மாவட்ட நூலகத்தின் நெட்டி ஹாம்ரிக் மேசைமேல் ஏறி நின்றாள். நாற்பது வயசு, கழுத்தில் மூன்று மூக்குக்கண்ணாடி தொங்கும், மூன்றையும் தேடிக்கொண்டிருப்பாள். வரைபடத்தில் இருக்கும் நீலம் பொய் என்றாள். நீலமாகவே இருந்தால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பணம் வராது, கேபிள் வராது, நாமெல்லாம் அந்த ஒற்றை ஆன்டெனாவைப் பங்கு போட்டுக்கொண்டே சாக வேண்டியதுதான் என்றாள். இந்த நீலத்தை மறுத்துச் சொல்ல நமக்கு உரிமை உண்டு, ஒவ்வொரு வீடும் உங்கள் வேகத்தை அளந்து அனுப்புங்கள், அது போதும் என்றாள்.

எல்லாரும் கை தட்டினார்கள். எல்லாரும் அளந்தார்கள். முடிவுகள் வந்ததும் நெட்டி நூலகத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தொண்ணூற்றெட்டு. நூற்று இரண்டு. நூறு. ப்யூஃபோர்ட் ஷேவர் வீட்டில் நூற்று ஏழு. கம்பெனியே கனவில்கூடக் காணாத வேகமெல்லாம் டானரி ரன்னில் பறந்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். அந்தப் பள்ளத்தாக்கில் ஐம்பது வயதைத் தாண்டிய அத்தனை பேரும் பங்கு போனில் வளர்ந்தவர்கள். எட்டு வீட்டுக்கு ஒரே கம்பி. அடுத்தவர் பேசிக்கொண்டிருந்தால் நாம் எடுக்கக்கூடாது, காத்திருக்க வேண்டும், நாம் பேசினால் சுருக்கமாகப் பேசி வைத்துவிட வேண்டும். தாய்ப்பாலோடு ஏறிய நாகரிகம் அது. வேகத்தை அளக்கச் சொன்னதும் அவர்கள் ஒருவரையொருவர் போனில் கூப்பிட்டு, முதலில் நீங்கள் அளந்துகொள்ளுங்கள், முடித்ததும் சொல்லுங்கள், நான் எல்லாவற்றையும் அணைத்து வைத்திருக்கிறேன் என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஊர் முழுக்க அணைத்துவிட்டு ஒவ்வொரு வீடாக, கோழி கூவுகிற வேளையில், மொத்த ஆன்டெனாவையும் தனி ஒருவராக அனுபவித்து அளந்தார்கள். அதோடு விட்டார்களா? அரசாங்கத்துக்குப் போகிற எண்ணாயிற்றே. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்கி வைக்காமல் இருப்பார்களா? ப்யூஃபோர்ட் மோடத்தைத் துடைத்து, ஜன்னல் விளிம்பில் தலையணை போட்டு அதன்மேல் வைத்து, சவரம் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டுதான் பொத்தானை அமுக்கினானாம். முதலில் வந்தது கொஞ்சம் குறைச்சலாக இருந்ததால், கேவலமாக இருக்கிறதே என்று நல்லது வரும்வரை திரும்பத் திரும்ப அமுக்கி, நல்லதை மட்டும் அனுப்பினான். எல்லாருமே அப்படித்தான்.

"மிஸ் டெல்ஃபியா, கம்பெனிக்காரன் ஒரு வக்கீல் வெச்சிருந்தாக்கூட இவ்வளவு அழகா அவன் கட்சியை நிரூபிச்சிருக்க முடியாது," என்றாள் நெட்டி, டெல்ஃபியாவின் சமையலறையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. ஜூன் மாதம் வந்துவிட்டிருந்தது. கடைசியாக ஒரு தவணை இருக்கிறது, வியாழக்கிழமை அளந்து மறுநாள் சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும் என்றாள். இந்தத் தடவை எல்லாரும் ஒரே நேரத்தில், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், வீட்டில் இருக்கிற அத்தனையையும் போட்டுவிட்டு அளக்க வேண்டும். மரமெல்லாம் இலை விட்டுவிட்டது, ஆன்டெனாவுக்கு இப்போது பாதி ஊர் தெரிவதே இல்லை, நிஜம் தெரிந்துவிடும். ஆனால் ஆறு வீடாவது மறுத்தால்தான் கணக்கில் எடுப்பார்கள். மற்றவர்களில் சிலர் சாட்டிலைட்டுக்குப் போய்விட்டார்கள், சிலர் இன்டர்நெட்டே வேண்டாம் என்கிறார்கள். முதல் தடவை அளந்தவர்களில் பலர் இன்னொரு தடவை அரசாங்கத்திடம் போய் முன்னால் சொன்னது தப்பு என்று சொல்ல வெட்கப்படுகிறார்கள். கடைசியில் தேறியது ஐந்து.

"நீங்க ஆறாவது," என்றாள் நெட்டி.

டெல்ஃபியா, ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பலகாரத்தில் அவளுக்கு இன்னொரு துண்டு வைத்தாள். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நெட்டியிடம் அவள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. மற்றவர்கள் மரியாதைக்காக நல்ல எண்ணைப் பொறுக்கினார்கள். டெல்ஃபியா ஆசைக்காகப் பொறுக்கினாள். எத்தனை காலை எழுந்து அமுக்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை. நூறைக் காட்டியபோது அந்தத் திரையை முத்தமிட்டாள் என்றுகூடச் சொல்லலாம், மிகையாகாது. புள்ளி நீலமாகவே இருக்கட்டும். வரப்போகிற சனிக்கிழமை டார்லா காரை எடுக்கிறாள். மேல்கோடி வீட்டுத் திரைச்சீலை வெளுப்பாகத் தொங்குகிறது. புள்ளி சிவப்பானால் டார்லா காரை எடுக்க மாட்டாள். புள்ளி நீலமாக இருந்தால் அவன் வருவான், அவனோடு அவன் நெஞ்சில் இருக்கிற கருவியும் வரும், சாயங்காலம் ஊரே இன்டர்நெட்டில் டிவி பார்க்கிற நேரத்தில் அந்தக் கருவி அனுப்புகிற துடிப்பு, அவள் முகம் நின்றுபோன மாதிரி, பாதி மலையில் நின்றுவிடும். மருத்துவமனையில் யாருக்கும் மணி அடிக்காது.

இதை அவள் அவனிடம் சொல்லியாக வேண்டும். சுவரில் தொங்குகிற பழைய போனில் கூப்பிட்டாள். வானிலை, ப்யூஃபோர்டின் சட்டை, கொலம்பஸில் தக்காளி என்ற பெயரில் விற்கிற சிவப்பு மரக்கட்டை என்று சுற்றி வளைத்து ஒருவழியாக விஷயத்துக்கு வந்தாள். வரைபடம் பொய், ஹாலிஸ், சாயங்காலத்தில் இங்கே ஒன்றும் ஏறுவதில்லை, வியாழக்கிழமை ஐந்து வீட்டோடு நானும் ஆறாவதாக அளந்து அனுப்பினால் புள்ளி சிவப்பாகிவிடும்.



"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" என்றான். "உன் மூஞ்சி நின்னு போறதை எத்தனை மாசமா பார்த்துக்கிட்டிருக்கேன். ஆன்டெனா நட்ட பிறகும்தான் நின்னுச்சு. டார்லாவுக்குத்தான் தெரியாது."

"தெரிஞ்சும் வரேங்கிறியா?"

"பெட்டி கட்டியாச்சு, டெல்ஃபி. போன வாரமே கட்டிட்டேன். தினமும் அதுலேர்ந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டு சாயங்காலம் திரும்ப மடிச்சு வெக்கிறேன்."

"கிழவா, உன் நெஞ்சு."

"என் நெஞ்சுதானே. இங்க அது ரொம்ப ஒழுங்கா அடிக்குது. ஆயிரம் மெகாபிட்ல அடிக்குது. டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம். எனக்குத்தான் அது எதுக்கு அடிக்குதுன்னு தெரியல." அவன் குரல் தாழ்ந்தது. "நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். வியாழக்கிழமை பேசாம உட்கார்ந்து பட்டாணி உரி. அஞ்சு வீடோட நிக்கட்டும். நான் சனிக்கிழமை வந்துடுறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். சரி என்று சொன்ன மாதிரி அவன் எடுத்துக்கொண்டான். அவள் சரி என்று சொல்ல எடுத்துக்கொள்கிற நேரம் அவனுக்குத் தெரியாதா.

வியாழக்கிழமை வந்தது. சாயங்காலம் ஊரே ஒழுக்கங்கெட்டுப் போகத் தயாரானது. நெட்டி வீடு வீடாகப் போய், அளந்து அனுப்ப வெட்கமானால் அனுப்ப வேண்டாம், ஆனால் எல்லாவற்றையும் போடுங்கள், யாருக்காகவும் காத்திருக்காதீர்கள், மரியாதையை மூட்டை கட்டி வையுங்கள் என்று சொல்லியிருந்தாள். ப்யூஃபோர்ட் டிவி, கம்ப்யூட்டர், பேரன் விட்டுப்போன வீடியோ கேம், கார் பழுதுபார்க்கும் வீடியோ எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் போட்டுவிட்டு, மனசு கேட்காமல் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து, உங்களுக்கு இடைஞ்சலா இருக்கப்போகுது, மன்னிச்சுக்கணும் என்றான். பக்கத்து வீட்டுக்காரியும் அதையே சொல்ல இவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் இரண்டு பேருக்கும் லைன் கிடைக்கவில்லை. அன்றைக்கு அந்த ஒற்றை ஆன்டெனா மூச்சு வாங்கியதில் மலை முகட்டில் மரங்கள் ஆடின என்பார்கள். காற்றும் அடித்திருக்கலாம்.

டெல்ஃபியா பட்டாணிதான் உரித்துக்கொண்டிருந்தாள். மேசையில் பாத்திரம், பக்கத்தில் டேப்லெட். நெட்டி சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஹாலிஸ் கூப்பிட்டான். அவன் வியாழக்கிழமையில் கூப்பிட்டதே இல்லை. சவரம் செய்திருந்தான். பின்னால் கட்டிலின் மேல் பெட்டி தெரிந்தது.

"சும்மா பார்க்கலாம்னு," என்றான்.

"பார்த்துக்கோ. தெரியுதா?"

"இப்பத் தெரியுது. தலைக்கு என்ன பண்ணின? நல்லாருக்கு."

நல்லாருக்கு என்று அவன் சொல்லி முடிக்கும்போது ஊர் முழுக்க எல்லாம் போட்டுவிட்டார்கள். எப்போதும் நிற்காத அவன் முகம் அன்றைக்கு முதல் தடவையாக நின்றது. உதடு பாதி சிரிப்பில், ஒரு கண் மூடியபடி. குரல் இரண்டு தரம் கொறகொறவென்று வந்து அறுந்தது. இத்தனை மாதமாக அவள் முகம்தான் போகாமல் நின்றது, அவன் முகம் அவளுக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. டெல்ஃபியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்க்கிற மாதிரியே இருந்தது, அவன் அங்கே இல்லை. அந்த ஒரு கண் மூடிய முகத்தோடு, மேல்கோடி வீட்டில், சாயங்கால வேளையில், நாற்காலியில் அவன் சாய்ந்து கிடப்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் சூப் எடுத்துக்கொண்டு கதவைத் தட்டுகிறாள். தட்டிக்கொண்டே இருக்கிறாள்.

பட்டாணிக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அவன் முகத்தை மூடிவிட்டு, அளக்கிற பக்கத்தைத் திறந்து அமுக்கினாள்.

இறங்குவது இரண்டு. ஏறுவது பூஜ்யம் புள்ளி மூன்று.

இந்தத் தடவை அவள் இன்னொரு தரம் அமுக்கவில்லை. வந்ததை அப்படியே அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளே டார்லாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள், வரைபடம் மாற நாளாகும், ஆனால் காரை எடுக்காதே. டார்லா நன்றி சொன்னாள். பிறகு அழுதாள். பள்ளிக்கூட ஆசிரியை அல்லவா, உடனே மூக்கைச் சிந்திவிட்டு, அப்பாவிடம் நானே சொல்கிறேன் என்றாள். சனிக்கிழமை டெல்ஃபியா எங்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்க்கரை ஜாடியில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அவள் கூப்பிட்டபோது யாரும் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்த ஞாயிறு டார்லா எடுத்து, அப்பா தூங்குகிறார் என்றாள். மத்தியானத்தில் தூங்குகிற ஆள் இல்லை ஹாலிஸ், தேவாலயத்துப் பிரசங்கத்தின்போதுகூடத் தூங்காதவன், ஊரில் அவன் ஒருவன்தான் அப்படி.

ஆகஸ்டில் புள்ளி சிவப்பானது. டானரி ரன்னில் எதுவும் இல்லை என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டதைத் தீயணைப்பு நிலையத்தில் கேக் வெட்டிக் கொண்டாடினார்கள். இல்லை என்பதற்காக இவ்வளவு கேக் வெட்டிய ஊர் வேறு எங்கும் இருக்காது. கம்பெனி என்ன செய்தது என்கிறீர்களா? ஒரே வாரம். நேற்றுவரை இவர்களுக்கு எல்லாம் இருக்கிறது என்று சத்தியம் செய்தவர்கள், இந்தப் பாவப்பட்ட ஜனங்களுக்கு ஒன்றுமே இல்லை, கேபிள் போடுகிற பணத்தை எங்களுக்கே கொடுங்கள் என்று முதல் ஆளாகப் போய் நின்றார்கள். வேனில் நூறை உரித்துவிட்டு 'விரைவில்' என்று ஒட்டினார்கள். நல்லவேளை, பணம் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனது. எப்போது கேபிள் வரும் என்று கேட்டதற்கு, அடுத்த வருஷம் இல்லை, அதற்கடுத்த வருஷம் என்று சங்கத்து ஆள் சொன்னான். அவன் 'வரை' எதுவும் சேர்க்காமல் சொன்னதே டெல்ஃபியாவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, ஆனால் அதற்கடுத்த வருஷம் ஹாலிஸுக்கு எண்பது.

கேக்கில் ஒரு துண்டு அவளுக்கும் கொடுத்தார்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்தாள். அது அங்கேயே காய்ந்து போனது.

இலை பழுக்கத் தொடங்கிய சமயம் சங்கத்து ஆட்கள் வந்து, கேபிள் போகப்போகிற வழி நெடுக ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னக் கொடி குத்திக்கொண்டே போனார்கள். டெல்ஃபியாவின் வேலிக்கு வெளியே ஒன்று, கேட்டுக்குப் பக்கத்தில் ஒன்று. அவர்கள் மேலே போக, அவள் பின்னாலேயே நடந்தாள். வயசானவள் எதற்கு வருகிறாள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை, நடுவில் அவள் கொடுத்த, ஆப்பிள் பட்டர் என்கிற பழக்கூழ் தடவிய ரொட்டியை வாங்கித் தின்றார்கள். ஆளில்லாத வீட்டுக்கெல்லாம் போடுவீங்களா என்று கேட்டாள். விலாசம் இருந்தா போடுவோம் மேடம் என்றான் ஒருவன். கடைசியில் மேல்கோடியில், ஹாலிஸ் வீட்டு முற்றத்தில், வால்நட் மரத்தை ஒட்டி ஒரு கொடியைக் குத்தினார்கள்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. திரும்பி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், சுவரில் இருக்கிற போனை எடுத்துக் கூப்பிட்டாள். டார்லா எடுத்தாள். அப்பாவிடம் ஒன்று மட்டும் சொல்லு, கொடி குத்திட்டாங்க, அவன் வீட்டு முற்றத்துலயும் குத்திட்டாங்க, அவ்வளவுதான், அவனைக் கூப்பிட வேண்டாம் என்றாள் டெல்ஃபியா.

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. மூச்சுச் சத்தம் கேட்டது. அந்த மூச்சை அவளுக்கு எங்கே கேட்டாலும் தெரியும், முப்பது வருடமாகப் பாட்டில் அடுத்த அடி எடுப்பதற்கு முன்னால் கேட்ட மூச்சு.

"எங்க குத்தினான்?" என்றான் ஹாலிஸ்.

"முற்றத்துல. வால்நட் மரத்துக்குப் பக்கத்துல."

"எந்தப் பக்கம்?"

"சமையலறைப் பக்கம்."

"முட்டாப்பசங்க. அங்க பூராவும் வேர். தோண்டினா மண்வெட்டி உடையும், இல்லேன்னா மரம் சாகும். அந்த வால்நட் எங்கப்பா வெச்சது." அவன் குரலில் சூடு ஏறிக்கொண்டே வந்தது. "நான் அந்த ஜன்னல் பக்கமாத்தான் உட்காருவேன், தெரியுமில்ல, நாளைக்கு அங்க ஒரு பள்ளத்தை வெட்டிப் போட்டா நான் எப்படி வெளிய இறங்குறது? முன்பக்கமா கொண்டு வரச் சொல்லு. பம்ப் இருக்கிற பக்கம். அங்க வெறும் மண்ணு. என்ன, கேக்குதா?"

"கேக்குது."

"சொல்லுவியா?"

"அவங்க போயிட்டாங்க, ஹாலிஸ்."

"அப்ப யாரு சொல்றது?"

டெல்ஃபியா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இருட்ட இன்னும் நேரம் இருந்தது. நீ லைன்லயே இரு, வந்துடுறேன் என்று சொல்லிப் போனை மேசைமேல் வைத்துவிட்டு, கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு, மேல்கோடிக்கு நடந்தாள். வால்நட் மரத்தடியில் குனிந்து, கொடியைப் பிடுங்கி, பம்ப் பக்கமாகக் கொண்டுபோய், மண் மெத்தென்று இருக்கிற இடமாகப் பார்த்து ஆழமாகக் குத்தினாள். குத்திவிட்டு ஒரு கல்லையும் எடுத்து வைத்து அணைகொடுத்தாள். பிறகு வந்த வழியே, தன் வயசுக்குக் கொஞ்சம் அதிகமான வேகத்தில், வீட்டுக்கு இறங்கினாள்.